சத்தத்தை அணைத்துப் பார்த்த படம்

என் பெயர் கிளிட்டஸ் ரொட்ரிகோ. வயது இருபத்து மூன்று. சொந்த ஊர் தூத்துக்குடி, திரேஸ்புரம். இப்போது இருப்பது லாட்வியா நாட்டில் ரிகா என்ற ஊரில், ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கின் உடை மாற்றும் அறையில். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை. நாற்பது நிமிடம் இருக்கிறது.

நான் பேசுகிறேன், போன் எழுதுகிறது. நான் எப்படிப் பேசினாலும் இது புத்தகத் தமிழாக்கிவிடும். அடுத்தவர் பேசியதைச் சொல்லும்போது மட்டும் சொன்னபடியே விடும். விரல் விறைத்துப் போயிருக்கிறது, தட்டச்சு செய்ய வரவில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை வீட்டுக் குழுவில் போடுகிறேன். அப்பா நேற்றிலிருந்து போனை அணைத்து வைத்திருக்கிறார். அம்மா எடுக்கிறாள், ஆனால் நான் பேச்சை ஆரம்பித்ததும் "அடுப்புல கெடக்கு, பெறவு பேசுதேன்" என்று வைத்துவிடுகிறாள். அதனால் ரெஜினா சித்தியோ, சித்தி வீட்டில் வேறு யாரோதான் இதை முதலில் பார்ப்பீர்கள். யார் பார்த்தாலும் கடைசிவரை படியுங்கள். இன்று திங்கள். புதன்கிழமை காலைக்குள் படித்துவிட வேண்டும்.

செலின் அக்காவைப் பற்றிய விஷயம். சித்திக்குப் பாதி தெரியும். ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் நான் எங்கே தப்புச் செய்தேன் என்பது புரியாது.

அப்போது எங்கள் வீடு ஒரே அறை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவார். அம்மா இறால் கம்பெனிக்குப் போய்விடுவாள். கோடை விடுமுறையில் வீட்டில் நானும் அக்காவும் மட்டும். எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பதிமூன்று. அப்பா தூங்கும்போது ஓடக்கூடாது, சண்டை போடக்கூடாது, பாத்திரம் உருட்டக்கூடாது. டிவி பார்க்கலாம். ஆனால் சத்தம் துளியும் இருக்கக்கூடாது.

பதினொரு மணிக்கு ஒரு சேனலில் பழைய கார்ட்டூன் போடுவார்கள். ஒவ்வொன்றும் ஏழு நிமிடம். கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு குண்டு மனிதர். நீலக் கோட்டு, தேங்காய் நார் மாதிரி மீசை. தினமும் ரொட்டி சுட்டு ஜன்னலில் ஆற வைப்பார். ஒரு கடற்பறவை வந்து அதைத் தூக்கிக்கொண்டு போகும். எல்லாப் படத்திலும் இதுதான் கதை. ஒரு நாள் ரொட்டியைக் கயிற்றில் கட்டித் தன் இடுப்போடு சேர்த்து முடிந்துகொள்வார். பறவை அவரையும் சேர்த்துக் கடலுக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும். இன்னொரு நாள் ஒரு கல்லுக்கு ரொட்டி மாதிரி வண்ணம் அடித்து வைப்பார். பறவை அதையும் விழுங்கிவிட்டு, பறக்க முடியாமல், நூறு படியையும் நடந்தே இறங்கும்.

அக்கா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு என் வலது காதில் பேசுவாள். மனிதருக்கு ஒரு குரல், பறவைக்கு ஒரு குரல். மூச்சு விடுகிற அளவுக்குத்தான் சத்தம். மனிதருக்கு அவள் வைத்த பெயர் மிக்கேல் மாமா. அது எங்கள் தெரு ரேஷன் கடைக்காரர். பறவையின் பெயர் சலோமி. பக்கத்து வீட்டு சலோமி அத்தை காபித்தூள் இரவல் கேட்டு வருவதைப் போலவே பறவை வந்து ஜன்னலில் நிற்குமாம்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. வியாழக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் இல்லை. பதினான்கு வயது.

அதற்குப் பிறகு நடந்தது சித்திக்குத் தெரியும். அம்மா போனை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா பாடுவது, அக்கா அவளைக் கூப்பிடுவது, அக்கா என்னைத் திட்டுவது, எல்லாம் அதில் இருந்தது. விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை அதையே பார்ப்பாள். அப்பா சோற்றைப் பிசைந்து ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டு முழுங்காமல் இருப்பாள். ஏழு மாதம். எலும்பும் தோலும் ஆகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றைக்கு அப்பா வீட்டில் இருந்த போன் எல்லாவற்றிலும் அக்காவின் வீடியோக்களை அழித்தார். இணையத்தில் சேமித்திருந்ததையும் அழித்தார். சித்தப்பா போனையும், அக்காவின் டீச்சர் போனையும்கூடக் கேட்டு வாங்கி அழித்தார். போட்டோ மட்டும் விட்டார். அம்மா பிழைத்தாள். ஆனால் அந்த வருடம் மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறும்வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் அன்றிலிருந்து அக்கா பெயரைச் சொன்னதில்லை.

நான் இங்கே வந்து பதினோரு மாதம் ஆகிறது. செப்டம்பரில் ஒரு டிராம் நிறுத்தத்தில் அந்த மீசைக்காரரின் படத்தைப் பார்த்தேன். தோளில் அந்தப் பறவை. கீழே பத்துப் பதினைந்து மொழிகளில் ஒரே கேள்வி. அதில் தமிழும் இருந்தது. 'சிறு வயதில் இவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?'

வந்த டிராமை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

அந்தக் கார்ட்டூனை எடுத்ததே இந்த ஊரில்தானாம். பல நாட்டுக்கு விற்றிருக்கிறார்கள். பிறகு அந்தக் கம்பெனி மூடி, கை மாறி, சேமித்து வைத்த இடமும் பாழாகி, இப்போது உலகத்தில் ஒரு பிரதிகூட இல்லை. பார்த்தவர்களின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அதைத் தலையிலிருந்து எடுத்து மறுபடி படமாக்கும் ஒரு நிறுவனம் ஒட்டிய படம் அது.

அங்கே போனேன். தமிழ் பேசுகிறவர்களுக்காக ஒருவர் இருந்தார். பெயர் தர்சிகா, இலங்கையில் சாவகச்சேரிக்காரர், நாற்பது வயது இருக்கும்.

"இருங்கோ தம்பி. பயப்பிடாதையுங்கோ. ஊசி ஒண்டும் இல்லை."

"சரி மேடம்."

"என்ன மேடம்? இஞ்சை வாற தமிழ்ப் பிள்ளையள் எல்லாம் அக்கா எண்டுதான் கூப்பிடுறவை."

"இல்ல மேடம். எனக்கு அது வாயில வராது."

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் விட்டார்.

எப்படிச் செய்வார்கள் என்று கேட்டேன். மேசையில் இருந்த கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினார்.

"ஒராளின்ரை நினைவிலை படம் முழுசா இராது. உங்களிட்டை மீசை இருக்கும், இன்னொராளிட்டை கோட்டு இருக்கும். ஆயிரம் பேரின்ரை நினைவை இப்பிடி அடுக்கினால் படம் தெளியும். ரெண்டு பேரிலையாவது இருந்தால்தான் அது படம். ஒராளிலை மட்டும் இருந்தால் அது தூசி. துடைச்சுப்போடுவம்."

"எடுத்தா நமக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

"கொஞ்சம் மங்கும். ஒரு விசயத்தை நினைக்கிற ஒவ்வொரு தரமும் மூளை அதை வெளியிலை எடுத்து, திரும்பப் புதுசா எழுதி வைக்கும். நாங்கள் அது திரும்ப எழுதிறதுக்கு முன்னம் எடுத்திடுவம். படத்தைப் பாத்தனீங்கள் எண்டு தெரியும், கதையும் தெரியும். கண்ணை மூடினால் வராது. அதுக்குத்தான் முடிஞ்ச படத்திலை ஒரு பிரதி தாறம். கண்ணைத் திறந்து பாக்கலாம்."

எனக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. பிரதி தருவார்கள். என் தலைக்குள் இருப்பது படமாக வெளியே வரும். அதில் அக்கா பேசுவாள். அதை அம்மாவிடம் கொடுக்கலாம். கிறிஸ்மஸுக்குச் சொல்லாமல் அனுப்ப வேண்டும் என்று அங்கே உட்கார்ந்தே முடிவு செய்துவிட்டேன்.

அவர் கேள்வித்தாளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போனார். எந்த வயதில் பார்த்தீர்கள், என்ன நேரம், பக்கத்தில் யார். நான் அக்காவைச் சொன்னேன், மடியைச் சொன்னேன், காதில் பேசியதைச் சொன்னேன், மிக்கேல் மாமா சலோமி எல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். படம் ஓடும்போது அக்கா பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டிருப்பாள் என்று எழுதிக்கொண்டார்.

பிறகு கேட்டார்: "சத்தத்தோடை பாத்தனீங்களோ?"

"ஆமா" என்றேன்.

நான் செய்த தப்பு இதுதான். பொய் சொல்லவில்லை சித்தி. சத்தியமாக மறைக்கவும் இல்லை. அது சத்தம் இல்லாமல் பார்த்த படம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. மீசைக்காரர் வாயைத் திறந்தால் குரல் கேட்டது, பறவை வாயைத் திறந்தால் குரல் கேட்டது. அவர் கேட்டதற்கு நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் பேனாவைக் கீழே வைத்திருப்பார். அப்படியானால் அந்தக் குரல் யாருடையது என்று கேட்டிருப்பார்.

அக்டோபர் முதல் வாரம் எடுத்தார்கள். தலைக்கு மேல் குடத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு கருவி. இரண்டு மணி நேரம். வெளியே வந்தபோது என் கன்னமும் சட்டைக் காலரும் நனைந்திருந்தன. எதற்கு என்று தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மூன்று வாரம் கழித்துப் படத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். சின்னத் தியேட்டர். நினைவு கொடுத்தவர்கள் பத்துப் பேர் இருந்தோம். விளக்கு அணைந்தது. கலங்கரை விளக்கம் வந்தது, கடல் வந்தது, நீலக் கோட்டு வந்தது. எல்லாம் பளிச்சென்று இருந்தது. பின்னால் வயலின் வாசித்தார்கள். பறவை ஜன்னலில் வந்து நின்று வாயைத் திறந்தது. ஒரு குழல் கீ என்று ஊதியது. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் கைதட்டிக் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் பார்த்தேன். நல்ல படம். ஏழு நிமிடத்தில் முடிந்தது. வரவேண்டிய யாரோ வரவில்லை என்பது மாதிரி நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் தர்சிகா பிரதியைக் கொடுத்தார்.

"தேங்க்ஸ் அக்கா" என்றேன்.

அவர் என் கையை விடவில்லை.

"முதல் நாள் உங்களுக்கு அந்தச் சொல் வராது எண்டனீங்கள்."

"எந்தச் சொல்?"

"இப்ப சொன்னனீங்களே."

அப்போதுதான் தெரிந்தது. பதினாறு வருடமாக எந்தப் பெண்ணையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. வாய் வரைக்கும் வந்து தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்புப் பெண்ணைக்கூட 'இங்க பாருங்க' என்றுதான் கூப்பிடுவேன். இப்போது அது தண்ணீர் குடிக்கிற மாதிரி வந்துவிட்டது. எதுவும் அடைக்கவில்லை. அடைக்க அங்கே எதுவும் இல்லை.

அந்த நடைபாதையிலேயே அக்காவை நினைத்துப் பார்த்தேன். பெயர் தெரிகிறது. இறந்த தேதி தெரிகிறது. காதில் பேசுவாள் என்று தெரிகிறது. குரல் இல்லை. குரல் போனதோடு அதைச் சுற்றி இருந்ததெல்லாம் போய்விட்டது. மேலே மடி, காது, மிக்கேல் மாமா, சலோமி என்று சொன்னேனே, அதெல்லாம் முதல் நாள் நான் சொன்னதை அவர்கள் எழுதி வைத்த தாளில் இருக்கிறது. இப்போது அதை முழங்காலில் விரித்து வைத்துப் பார்த்துத்தான் உங்களுக்குச் சொன்னேன்.

தர்சிகா உள்ளே போய் ஒரு மணி நேரம் தேடிவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"உங்கடை வீட்டிலை ரிவியிலை சத்தம் இருக்கேல்லையோ?"

"இல்ல. அப்பா தூங்குவாங்க."

"ஐயோ தம்பி. அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் எதிரில் உட்கார்ந்து, கண்டுபிடித்ததைச் சொன்னார்.

"ஒரு பிள்ளையின்ரை குரல் இருக்குது. பொம்பிளைப்பிள்ளை எண்டு திரையிலை ஓடுற அலைக்கோட்டைப் பாக்கத் தெரியுது. வேற ஒருத்தரிலும் இல்லை எண்டு மெஷின் தூசியிலை போட்டிட்டுது."

"அந்தத் தூசிய குடுங்க. நான் கேக்கணும்."

"ஒராளின்ரையை வைச்சு ஒலியாக்க ஏலாது. அது நினைவோ கனவோ எண்டு மெஷினுக்குத் தெரியாது. அதே குரலை, அதே படத்தோடை கேட்ட இன்னொராள் வேணும். டிசம்பர் ஐஞ்சாம் திகதி வரை வைச்சிருப்பினம். பிறகு அழிச்சிடுவினம்."

கல்லறைத் திருநாள் வந்தது. இங்கேயும் அன்றைக்குக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். நானும் வாங்கிக்கொண்டு போய் ஒரு ஓரத்தில் அக்காவுக்காக ஏற்றினேன். வேறு யார் வீட்டுக்கோ உதவிக்குப் போய் விளக்கேற்றுவது மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. என்னிடம் ஆறுதல் சொல்ல எதுவும் இல்லையே. அழுகை வரவில்லை சித்தி. நான் இப்போது உங்களிடம் பயந்துகொண்டு பேசுகிறேன், ஆனால் அக்காவுக்காக இல்லை. மிச்சம் இருப்பவர்களுக்காக.

போன சனிக்கிழமை வீடியோ அழைப்பில் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நாற்காலியில் அப்பா பேப்பர் வைத்திருந்தார்.

"அப்பம் பிள்ள சத்தம் அங்கன இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்கும்மா. ஆனா கேக்க முடியாது. ரெண்டாவது ஆளு வேணும். நானும் அவளும்தான் இருந்தோம். வேற யாரு இருக்கா."

"நான் வேலைக்கில்லா போயிருவேன்" என்றாள், அது ஒரு குற்றம் மாதிரி.

அப்பா பேப்பரை மடித்தார். நான்காக மடித்தார். பிறகு சொன்னார்.

"நான் கேட்ருக்கேன்."

"நீங்க தூங்கிட்டுல்லாப்பா கெடப்பீங்க."

"பதினோரு மணிக்கு முழிச்சிருவேன். கண்ண மூடிக்கிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிக் கெடப்பேன். சிரிப்பு வந்தா போர்வையக் கடிச்சுக்கிடுவேன்."

"ஏன் சொல்லல?"

"முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா நீங்க சத்தத்த வச்சிருவீங்கல்லால. அப்பம் டிவிதான் பேசும். அவ பேச மாட்டா."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். பதினாறு வருடத்தில் அவர் அக்காவைப் பற்றிப் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன பேசுவா? சொல்லுங்க."

"எனக்கு வராது."

"வந்த மட்டும் சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். கிரேனுக்குக் கீழே நின்று முப்பது வருடம் கத்திய தொண்டை அது. தலையைக் குனிந்துகொண்டு, மூச்சு மட்டும் விடுகிற குரலில், இழுத்து இழுத்துச் சொன்னார்.

"ஒரே ஒரு கடி மாமா. மிச்சம் ஒமக்குத்தான்." பறவை தின்று முடிக்கிற நேரம் விட்டார். "ஐய, மிச்சம் வைக்க மறந்துட்டேன் மாமா. நாளைக்கு ரெண்டு ரொட்டியாச் சுடும்."

அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்படியே அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியது. "அவளேதான்" என்றாள். "அந்த மாமாங்கறத இப்படித்தான் இழுப்பா. சலோமி மைனி வாசல்ல இருக்கும்போதே அவளை மாதிரி பேசிக் காட்டுவா. நான்தான் தலையில குட்டுவேன்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காதில் எத்தனையோ நாள் விழுந்த வார்த்தைகள் அவை. எனக்குள்ளே ஏதாவது ஒன்று ஆமாம் என்று சொல்லும் என்று காத்திருந்தேன். எதுவும் சொல்லவில்லை. யாரோ ஒரு பெரியவர் பறவை மாதிரி பேசுகிறார், வேடிக்கையாக இருக்கிறது என்றுதான் இருந்தது. அது சரிதான் என்பதை அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்பா எழுந்துவிட்டார். "நான்தான அழிச்சேன். நானே குடுக்கேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே அந்த நிறுவனத்துக்குப் போன் செய்துவிட்டார். திருநெல்வேலியில் அவர்களுக்கு ஒரு மையம் இருக்கிறது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவரை அழைத்துப் போக அவர்களுடைய வெள்ளை வண்டி வீட்டுக்கு வரும். நான் மறித்துப் பேசுவேன் என்று போனை அணைத்துவிட்டார். அம்மாவிடம் கேட்டேன். "பதினாறு வருசமாச்சுய்யா. ஒரு தடவ கேட்டுட்டா போதும் எனக்கு" என்றாள். அவள் கேட்பதில் தப்பு இல்லை.

இன்று காலை வேலைக்கு வருமுன் தர்சிகாவிடம் போனேன்.

"அப்பாட்டை எடுத்தால் குரல் வரும்" என்றார். "நல்லா வரும். அந்த மனுசன் அவ்வளவு வருசமும் ஒரு சொல்லும் விடாமல் வைச்சிருக்கிறார் போல. அம்மா ஆசைதீரக் கேக்கலாம்."

"அப்பாவுக்கு?"

"உங்களுக்கு இப்ப எப்பிடி இருக்கோ, அப்பிடி."

நான் எழுந்தேன். அவர் கதவு வரை வந்தார்.

"இதை நான் சொல்லக்கூடாது. என்ரை அப்பாவா இருந்தால் அந்த வண்டியிலை ஏத்த மாட்டன்."

இடைவேளை முடிய பத்து நிமிடம் இருக்கிறது. மேற்பார்வையாளர் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அப்பா, இதை உங்களுக்கு யாராவது படித்துக் காட்டினால் கேளுங்கள். நீங்கள் அழித்தது போனில் இருந்ததை. அம்மா பிழைக்க வேண்டும் என்று அழித்தீர்கள். உங்களிடம் இருந்ததை அழிக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லாமல், ஒரு பிள்ளைக்கு மேல் போர்வை போர்த்தின மாதிரி மூடி வைத்திருந்தீர்கள். இப்போது அதைக் கொடுத்தால், அவள் பேசுவதை அம்மா கேட்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பீர்கள். நல்ல குரல், யார் வீட்டுப் பிள்ளையோ என்கிற மாதிரி இருக்கும். போர்வையைக் கடிக்க வேண்டிய தேவையே வராது. நான் அங்கே இருந்துதான் பேசுகிறேன். இங்கே வலியே இல்லை அப்பா. அதைச் சொல்லத்தான் பயமாக இருக்கிறது.

அம்மா, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் ஏற்கெனவே போய்விட்டேன். அப்பாவும் போய்விட்டால், அக்காவுக்காக அழ அந்த வீட்டில் நீ ஒருத்திதான் மிஞ்சுவாய். உன் கையில் அவள் குரல் இருக்கும். அதைக் கேட்டு நீ திரும்பிப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்போம், எதற்கு இவள் இப்படி அழுகிறாள் என்று. அன்றைக்கு உனக்குச் சோறு ஊட்ட அவரால் முடிந்தது, அவருக்கும் வலித்ததால்தான்.

டிசம்பர் ஐந்தாம் தேதி அந்தத் தூசி போனால் போகட்டும்.

கீழே படத்தின் பிரதியை அனுப்பியிருக்கிறேன். ஏழு நிமிடம். பெரிய டிவியில் போடுங்கள். வயலின் வாசிப்பார்கள், குழல் ஊதுவார்கள். சத்தத்தை முழுக்க அணைத்துவிடுங்கள். அப்பாவை அம்மா பக்கத்தில் உட்கார வையுங்கள், வலது காதுப் பக்கம். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். முதல் தடவை வெட்கப்படுவார். இரண்டாம் தடவை போடுங்கள். நான் போனில் இருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்றாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தினம் கேட்டால் எனக்கு அது புதிதாகவாவது பழகும்.

மணி அடித்துவிட்டது. நான் உள்ளே போக வேண்டும்.

இதைப் படிப்பது யாராக இருந்தாலும் ஒரே ஒரு உதவி செய்யுங்கள். இன்றைக்கே திரேஸ்புரத்துக்குப் போய் இதை இரண்டு பேருக்கும் படித்துக் காட்டுங்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வரும்போது அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளட்டும். தூங்குகிற மாதிரி கிடக்க அவருக்குத் தெரியும். வண்டிக்காரர் கூப்பிட்டால், இரவு வேலை பார்த்துவிட்டு வந்து தூங்குகிறார் என்று சொல்லுங்கள். அவரை எழுப்ப வேண்டாம்.